பொது நாணயம் நமக்கு ஒத்து வருமா? 555 புத்தகத்தில் கணக்குப் போடும் முறை

சனிக்கிழமை சாயங்காலம் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்து ரெங்கத்தில் என் அண்ணி நடத்தும் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வார இறுதிக்கு வீடு திரும்பிய பிள்ளைகள் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கைப்பேசியில் அன்றைய ரேட்டைப் பார்ப்பார்கள், எந்த மணி சேஞ்சரிடம் போனால் நூறு வெள்ளிக்கு இன்னும் அரை வெள்ளி கூடக் கிடைக்கும் என்று பேசுவார்கள், அப்புறம் யாராவது ஒருவன் என் பக்கம் திரும்புவான்: "ஏன் டீச்சர், ஐரோப்பாவுல இத்தனை நாடு ஒரே காசை வச்சிருக்கு, ஆசியானுக்கு மட்டும் ஏன் முடியாது? இந்த மாத்துற தொல்லையே இருக்காதே."

ஆசியான் என்கிற தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பைத்தான் சொல்கிறான், அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதும் மாணவர்களுக்குப் பொருளியல் டியூஷன் எடுக்கிறவள், முடியும் முடியாது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இது நம் சம்பளத்தையும், வீட்டுக் கடனையும், நம் பிள்ளைகள் எந்த ஊரில் போய்ப் பிழைக்க வேண்டியிருக்கும் என்பதையும் தொடுகிற விஷயம். யாரோ சொன்ன பதிலை வாங்கி வைத்துக்கொள்வதைவிட நீங்களே எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. அதற்கான முறையைத்தான் எழுதுகிறேன்.

தேவைப்படுவது ஒரு 555 புத்தகமும் ஒரு மாலைப் பொழுதும். உள்ளங்கை அளவில், அட்டையில் 555 என்று அச்சடித்த அந்தச் சின்னப் புத்தகம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மறக்காது. அரிசி, மண்ணெண்ணெய், நெத்திலி என்று மாதம் முழுக்கக் கடையில் வாங்கியதை எழுதி, சம்பளத்தன்று கணக்குத் தீர்த்த புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் ஒரு நாடு, வலது பக்கம் இன்னொரு நாடு. எல்லா நாட்டையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம், இரண்டு இரண்டாகப் பாருங்கள், அப்போதுதான் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

முதல் பக்கம்: அவர்கள் சொல்வது எந்த வகை?

பத்திரிகையில் "பொது நாணயம்" என்று ஒரே பேரில் போடுவார்கள், உள்ளே பார்த்தால் நாலு வேறு வேறு சங்கதி இருக்கும். சில நாடுகள் சேர்ந்து ஒரே மத்திய வங்கி வைத்து ஒரே நோட்டு அச்சடிப்பது ஒரு வகை. யூரோ அப்படித்தான், 1999 ஜனவரி 1இல் 11 நாடுகளோடு கணக்குப் பணமாகத் தொடங்கி, 2002இல் நோட்டும் காசுமாகக் கைக்கு வந்து, 2026 ஜனவரியில் பல்கேரியா சேர்ந்ததோடு 21 நாடுகள் ஆகிவிட்டன. வட்டியை ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி முடிவு செய்கிறது. இன்னொரு வகையில் அவரவர் நோட்டு அவரவருக்கு, ஆனால் மதிப்பு ஒன்றுக்கு ஒன்று. சிங்கப்பூரும் புருணையும் அப்படி. சிங்கப்பூர்க் கடையில் புருணை நோட்டை நீட்டினால் அதே மதிப்புக்கு வாங்கிக்கொள்வார்கள். மூன்றாவது, யாரோடும் பேசாமல் அடுத்த நாட்டுப் பணத்தை எடுத்து அப்படியே புழங்குவது. எக்குவடோர் 2000இலும் எல் சல்வடோர் 2001இலும் அமெரிக்க டாலருக்கு மாறின, பக்கத்தில் திமோர் லெஸ்தேயும் டாலர்தான். நாலாவது, வீட்டுக்குள் பழைய பணமே இருக்கட்டும், நாடுகளுக்கு இடையில் வியாபாரக் கணக்குத் தீர்க்க மட்டும் ஒரு பணம் வைத்துக்கொள்வோம் என்பது. 2019இல் அப்போதைய நம் பிரதமர் துன் மகாதீர் தோக்கியோவில் பேசிய, தங்கத்தை ஆதாரமாகக் கொண்ட கிழக்காசியப் பணம் இந்த நாலாவது வகை. அன்றைக்கு நம் ஊரில் பாதிப் பேர் ரிங்கிட்டே போய்விடும் என்று நினைத்துவிட்டார்கள், அவர் சொன்னது அது இல்லை.

ஆகவே முதலில் வகையை எழுதிக்கொள்ளுங்கள். நாலாவது வகை என்றால் மீதிப் பக்கங்களை நிரப்ப வேண்டிய அவசியமே அநேகமாக இல்லை.

லாபத்தைச் சீக்கிரம் எழுதி முடியுங்கள்

லாபம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மாற்றுக்கூலி மிச்சம். பேரம் பேசிய விலை மூன்று மாதம் கழித்துப் பணம் கைக்கு வரும்போது சுருங்கிப் போயிருக்குமோ என்ற பயம் ஏற்றுமதி செய்கிறவருக்கு இல்லை. எந்த நாட்டில் எது மலிவு என்று சட்டென்று தெரியும். ஒழுங்காகப் பணம் நடத்தத் தெரியாத அரசாங்கமாக இருந்தால் நோட்டை இஷ்டத்துக்கு அச்சடிக்கும் வேலையும் நிற்கும், எக்குவடோர் டாலருக்குப் போனதே அந்த மாதிரிக் காரணத்தால்தான்.

ஆனால் மாற்றுக்கூலி மிச்சம் என்பதன் எடை இப்போது குறைந்துகொண்டே வருகிறது. கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் நம் டுயிட்நாவ் கியூஆர் சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா மூன்றிலும் வேலை செய்கிறது. தாய்லாந்தின் ஹட்யாய் கடையில் ஸ்கேன் செய்தால் ரிங்கிட் இங்கே கழிகிறது, பாட் அங்கே சேர்கிறது. பணத்தை ஒன்றாக்காமலேயே தொல்லையில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டார்கள். லாபப் பக்கத்தில் இதையும் எழுதுங்கள், அப்போது எத்தனை மிச்சம் என்பது சரியாக வரும்.

கட்டியிருக்கும் கயிறு எது?

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? ரிங்கிட்டையும் நாம் வெள்ளி என்கிறோம், சிங்கப்பூர் டாலரையும் வெள்ளி என்கிறோம். ஒரு காலத்தில் உண்மையிலேயே இரண்டும் ஒரே பணமாக இருந்தது. மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை எல்லாவற்றுக்கும் ஒரே நாணய வாரியம், ஒரே நோட்டு. நாம் இப்போது "வருமா, வராதா" என்று கேட்கிற சங்கதிக்குள் நம் தாத்தா பாட்டி வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1965இல் சிங்கப்பூர் பிரிந்த பிறகும் பணத்தை மட்டுமாவது சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று பேசிப் பார்த்தார்கள், கையிருப்பு யார் பெயரில், யார் பிடியில் இருக்கும் என்ற இடத்தில் பேச்சு முறிந்தது. 1967 ஜூன் 12இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்று நாடும் தனித்தனி நோட்டு வெளியிட்டன, ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பில்.

அப்புறம்தான் அந்த அடி விழுந்தது. பழைய நோட்டு பிரிட்டனின் பணமான பவுனோடு கட்டப்பட்டிருந்தது. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பை 14.3% குறைத்தது. புது நோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பழைய நோட்டில் ஒரு வெள்ளிக்கு 85 காசுதான் என்று ஆகிவிட்டது. பினாங்கில் ஹர்த்தால் நடந்து, அது கலவரமாகி, உயிர்கள் போனது இதனால்தான்.

எங்கள் பாட்டி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பட்டை சீவிப் பால் எடுத்தவர். அவருக்கு வங்கி தெரியாது, மைலோ டின்தான் வங்கி. நோட்டுகளை நாலாக மடித்து, பழைய புடவைத் துணியில் சுற்றி, டின்னுக்குள் வைத்து, மேலே புளியைப் போட்டு மூடியிருப்பார். திருடன் வந்தாலும் புளி டின் என்று விட்டுவிட்டுப் போய்விடுவான் என்ற கணக்கு. ஜூன் மாதமே மாற்றியிருக்கலாம், யாரும் அவரிடம் வந்து சொல்லவில்லை, அவருக்கும் அவசரமாகத் தோன்றவில்லை. நூறு வெள்ளி 85 வெள்ளி ஆனதைத் தோட்டத்து எழுத்தரான கிராணி விளக்கிச் சொன்னபோது பாட்டி திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி என்று அம்மா சொல்வார்: "நான் என்னய்யா பண்ணேன்?" பதினைந்து வெள்ளி அன்றைக்கு ஒரு வெட்டுக்காரருக்குப் பல நாள் கூலி.

அவர் ஒன்றும் பண்ணவில்லை. லண்டனில் எடுத்த முடிவு ரெங்கத்துப் புளி டின்னுக்குள் வந்து கை வைத்தது. ஆகவே இந்தப் பக்கத்தில் கேட்டு எழுத வேண்டியது: வரப்போகும் பொதுப் பணம் எதோடு கட்டப்பட்டிருக்கும், கயிற்றின் மறுமுனை யார் கையில்? ஆப்பிரிக்காவில் 14 நாடுகள் புழங்கும் சிஎஃப்ஏ ஃபிராங்க் பிரெஞ்சு ஃபிராங்கோடு கட்டப்பட்டிருந்தது, இப்போது யூரோவோடு, ஒரு யூரோவுக்கு 655.957 என்று அசையாமல் நிற்கிறது. 1994 ஜனவரியில் ஒரே இரவில் அதன் மதிப்பைப் பாதியாகக் குறைத்தார்கள். செனெகாலில் மருந்து வாங்கப் போனவருக்கும் பாட்டியின் கேள்விதான் வந்திருக்கும்.

விலை விழும் நாள்

இதுதான் நடுப்பக்கம். மற்றதையெல்லாம் அரைகுறையாகச் செய்தாலும் இதை நிதானமாகச் செய்யுங்கள்.

கோட்டுக்கு இடது பக்கம் அந்த நாடு வெளியே விற்றுப் பிழைக்கும் மூன்று பொருளை எழுதுங்கள். வலது பக்கம் அடுத்த நாட்டின் மூன்று பொருள். இப்போது இடது பக்கத்தில் இருக்கும் பொருளின் விலை உலகச் சந்தையில் பாதியாக விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கத்துக்கு என்ன ஆகிறது? அதுவும் கூடவே விழுந்தால் இரண்டு நாட்டுக்கும் ஒரே மருந்து போதும், ஒரே பணம் ஓரளவு ஓடும். அது விழவில்லை, நன்றாகவே இருக்கிறது என்றால், விழுந்த நாடு அந்த நஷ்டத்தை எப்படி வெளியேற்றும் என்று கேளுங்கள்.

வழிகள் அதிகம் இல்லை. சொந்தப் பணம் இருந்தால் பணத்தின் மதிப்பு இறங்கும். வெளியாளுக்கு நம் பொருள் மலிவாகும், விற்பனை மெல்ல எழும், வெளிநாட்டுப் பொருள் நமக்கு விலை ஏறும், எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் ஏழையாவோம். சொந்தப் பணம் இல்லை என்றால் சம்பளம் இறங்க வேண்டும். சம்பளம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது என்பதால் வேலை போகும். வேலை போனால் ஆட்கள் ஊரைவிட்டுப் போவார்கள். நஷ்டம் அப்படியேதான் இருக்கும், அதைச் சுமக்கிற தோள்தான் மாறும். பொது நாணயத்தைப் பற்றி நான் சொல்ல வருவதில் முக்கியமானது இந்த ஒன்றுதான்.

இதைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. ரெங்கமும் கோலாலம்பூரும் ஒரே பணம் புழங்கும் இரண்டு இடங்கள், அதாவது நாமே ஒரு நாணய ஒன்றியத்துக்குள்தான் இருக்கிறோம். ரப்பர் விலை விழுந்த காலங்களில் ரெங்கத்துக்கு என்று தனி வெள்ளி இருந்து அதன் மதிப்பு இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது, அப்படி ஒன்று இல்லை. அதனால் என்ன நடந்தது? பால்மரத்தை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம், தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாசிர் கூடாங்குக்கும் ஜோகூர் பாருவுக்கும் போனார்கள், அவர்கள் பிள்ளைகள் இன்று விடிகாலையில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போகும் காஸ்வேயில் நிற்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததற்கும் இதே காரணம். விலை விழுந்த நஷ்டத்தை ஆட்கள் இடம்பெயர்ந்து சுமந்தார்கள்.

கனடாவில் பிறந்த ராபர்ட் மண்டல் என்ற பொருளியல் அறிஞர் 1961இல் இதைத்தான் எழுதினார், 1999இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் எளிது. அமெரிக்கா, கனடா இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், கிழக்குப் பக்கம் கார் செய்கிறார்கள், மேற்குப் பக்கம் மரம் அறுக்கிறார்கள். மக்கள் மரத்தை விட்டுவிட்டு காரை அதிகம் வாங்க ஆரம்பித்தால் கிழக்கு செழிக்கும், மேற்கு வாடும், அமெரிக்க டாலரோ கனடா டாலரோ ஏறி இறங்கி அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் பணத்தின் எல்லை ஒரு பக்கமாக ஓடுகிறது, பிழைப்பின் எல்லை வேறு பக்கமாக ஓடுகிறது. மரத்துக்குப் பதில் ரப்பர் என்று போட்டுப் படியுங்கள், அப்படியே நம் கதை.

கிரீஸை இந்தப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2001இல் யூரோவில் சேர்ந்தது, மலிவான வட்டிக்குக் கடன் கிடைத்தது, வாங்கினார்கள். 2009 கடைசியில் அரசாங்கத்தின் பற்றாக்குறை சொன்னதைவிடப் பல மடங்கு பெரிது என்று தெரியவந்தது. பணத்தின் மதிப்பை இறக்க வழி இல்லை, பணம் அவர்களுடையது மட்டும் இல்லையே. 2010இல் 11,000 கோடி யூரோ மீட்புக் கடன், அதோடு கடுமையான நிபந்தனைகள். 2012இல் குறைந்தபட்சச் சம்பளத்தைச் சட்டம் போட்டே 22% குறைத்தார்கள். 2013இல் வேலை பார்த்தவர்களும் தேடியவர்களும் சேர்ந்து நூறு பேர் என்றால் 27 பேருக்கு வேலை இல்லை. 2015 கோடையில் வங்கிகள் மூன்று வாரம் மூடிக் கிடந்தன, ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோ மட்டும். கிரேக்க அரசாங்கங்கள் செய்த தவறு பெரியது, அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தவறைச் செய்யாத பென்ஷன்காரர்தான் காலை ஏழு மணிக்கு ஏடிஎம் வரிசையில் நின்றார்.

எதிர்ப்பக்கத்தில் 1998இன் மலேசியாவை வைக்கலாம். ஒரு டாலருக்கு இரண்டரை ரிங்கிட்டாக இருந்தது 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. செப்டம்பரில் அரசாங்கம் மூலதனம் நாட்டைவிட்டு வெளியேறக் கட்டுப்பாடு போட்டு 3.80இல் நிறுத்தியது, 2005 ஜூலை வரை அப்படியே இருந்தது. சரியா தவறா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்த முடிவை எடுக்க நமக்குக் கை இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் அதன் விலையையும் எழுதுங்கள்: வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்த வருஷம் நிலத்தை விற்றார்கள். 1973 மே 8இல் மலேசியா ஒன்றுக்கு ஒன்று உடன்பாட்டை முடித்துக்கொண்டபோது ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒரு ரிங்கிட்தான், இன்றைக்கு மூன்றுக்கு மேல். சொந்தப் பணம் இருந்தால் எல்லாம் சுகம் என்று நான் சொல்லவே இல்லை, அதுவும் மெல்ல மெல்லத் தேயும்.

ஆள் போக முடியுமா, பணம் வர முடியுமா?

விலை விழும் நாளில் ஆட்கள்தான் சுமக்க வேண்டும் என்றால், அவர்கள் தாராளமாகப் போய் வேலை தேட முடியுமா என்று அடுத்த பக்கத்தில் பாருங்கள். ரெங்கத்துப் பிள்ளை கோலாலம்பூரில் வேலை தேட யாரிடமும் பெர்மிட் கேட்க வேண்டாம், அதே மொழி, அதே பாடத்திட்டம். ஐரோப்பாவில் சட்டப்படி எங்கேயும் போகலாம், ஆனால் ஏதென்ஸில் பஸ் ஓட்டியவருக்கு ஹாம்பர்க்கில் முதல் நாளே மொழி இடிக்கும். ஆசியானில் சட்டமே இன்னும் திறக்கவில்லை. செம்பனைக் குலை வெட்ட இந்தோனேசியாவிலிருந்து வருகிறவரும் பெர்மிட்டில்தான் வருகிறார், நம் பிள்ளை சிங்கப்பூருக்குப் போவதும் பெர்மிட்டில்தான், முதலாளி வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது.

ஆள் போகவில்லை என்றால் பணமாவது வர வேண்டும். ரெங்கத்துப் பால்மரம் விழுந்த காலத்தில் கூட அரசாங்கப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் வந்தது, கிளினிக் திறந்திருந்தது, உதவித்தொகை வந்தது, நன்றாக ஓடிய இடத்தின் வரி வாடிய இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. போதாது என்று நானும் கத்தியிருக்கிறேன், ஆனால் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது பட்ஜெட் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 1% அளவுதான். ஒரு நாட்டின் கடனை இன்னொரு நாடு ஏற்க வேண்டியதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கூட்டு, அதாவது சீட்டு, கட்டிப் பழகியவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும். பன்னிரண்டு பேர் மாதம் இருநூறு கட்டுகிறோம், ஐந்தாம் மாதம் ஒருத்தியின் புருஷனுக்கு வேலை போய்விட்டது, அவள் ஏற்கெனவே கூட்டை எடுத்துவிட்டாள். இப்போது யார் அவள் பங்கைக் கட்டுவது? இதைத் தொடங்கும் முன்பே பேசி வைத்த கூட்டு நடக்கும். பேசாமல் தொடங்கிய கூட்டில் இரண்டு குடும்பம் வாழ்நாளுக்கும் முகம் பார்க்காது. ஜெர்மனிக்கும் கிரீஸுக்கும் இடையில் ஓடிய கசப்பு இப்படித்தான் இருந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் பற்றாக்குறை 3%க்கு மேல் போகக் கூடாது, கடன் 60%க்கு மேல் போகக் கூடாது என்று 1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் வரம்பு இருந்தது உண்மைதான், ஆனால் 2003இல் ஜெர்மனியும் பிரான்சுமே வரம்பைத் தாண்டி நின்றபோது தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். விதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், பெரிய உறுப்பினர் மீறினால் யார் கேட்பது என்று பாருங்கள்.

வட்டி

வீட்டுக் கடன் கட்டுகிறவர்களுக்குத் தெரியும், நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அதன் அடிப்படை வட்டியான ஓபிஆரை ஏற்றினால் மாதத் தவணை எப்படி ஏறுகிறது என்று. ஒரே பணம் என்றால் எல்லா நாட்டுக்கும் ஒரே வட்டி. 2003 நடுவிலிருந்து 2005 கடைசி வரை ஐரோப்பிய மத்திய வங்கி 2% வட்டியில் நின்றது, மந்தமாக இருந்த ஜெர்மனிக்கு அது பொருந்தியது, கொதித்துக்கொண்டிருந்த அயர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் அது எண்ணெய் ஊற்றியது. வீடு வீடாகக் கட்டினார்கள், விலை ஏறியது, பிறகு மொத்தமாக உடைந்தது. 2010இல் அயர்லாந்தும் மீட்புக் கடன் கேட்டது. இத்தனைக்கும் அயர்லாந்து அரசு அதற்கு முன்னால் பற்றாக்குறை வைத்த அரசு இல்லை, ஒழுங்காக நடந்த பிள்ளை.

நம் பக்கத்தில் இன்னும் ஒரு சிக்கல்: சிங்கப்பூரின் மத்திய வங்கி வட்டியை வைத்து ஓட்டுவதே இல்லை, 1981லிருந்து அது பணத்தின் மாற்று மதிப்பை வைத்துத்தான் விலைவாசியைப் பிடிக்கிறது. நாம் வட்டியை வைத்து ஓட்டுகிறோம். ஒரே வண்டி என்றால் ஸ்டியரிங்கைப் பிடிப்பது யார், எந்தப் பக்கம் உட்கார்ந்து என்று முதல் நாளே கேள்வி வரும்.

வெளியே வரும் கதவு

கடைசியாக, ஒத்து வராவிட்டால் எப்படி விலகுவது? செக் நாடும் ஸ்லோவாக்கியாவும் 1993 ஜனவரி 1இல் பிரிந்தபோது பணம் மட்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்று வைத்துப் பார்த்தன. பிப்ரவரி 8இல் அதுவும் பிரிந்தது. நோட்டின் மேல் வில்லை ஒட்டித் தங்கள் பணம் என்று அடையாளம் வைத்துக்கொண்டார்கள். அமைதியாக முடிந்தது. நம் 1973ம் அமைதிதான், பேங்க் நெகாரா 1959லிருந்தே இருந்தது, அச்சடிக்கும் கையும் கணக்கு வைக்கும் கையும் தயாராக இருந்தன. யூரோவில் அப்படி ஒரு கதவை யாரும் எழுதி வைக்கவில்லை, கடன் எல்லாம் யூரோவில் இருக்கும்போது மதிப்பு இறங்கும் புதுப் பணத்துக்கு மாறினால் கடனின் பாரம் கூடும், அந்தப் பயத்தில்தான் கிரீஸ் 2015இல் விளிம்புவரை போய்த் திரும்பியது.

எழுதிய பக்கங்களை எப்படிப் படிப்பது

கூட்டிக் கழித்து மார்க் போடாதீர்கள். லாபப் பக்கம் ஒவ்வொரு நாளும் சின்னச் சின்னதாக வருவது, விலை விழும் பக்கம் பத்து வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாக வருவது, இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் கணக்கு பொய் சொல்லும். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: விலை விழும் பக்கத்தில் இரண்டு நாட்டின் பொருளும் வேறு வேறாக இருந்து, ஆள் போகும் வழியும் பணம் வரும் வழியும் காலியாக இருந்தால், லாபப் பக்கம் நிரம்பி வழிந்தாலும் வேண்டாம்.

அந்தக் கணக்குப்படி சிங்கப்பூர்-புருணை ஏன் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடுகிறது என்று கேட்பீர்கள், ஒன்று எண்ணெயும் எரிவாயும், இன்னொன்று தொழிற்சாலையும் வங்கியும் துறைமுகமும், பொருள் வேறுதானே? வேறுதான். ஆனால் புருணை மிகச் சின்ன நாடு, எண்ணெய்ப் பணத்தில் தனக்கென்று கையிருப்பு வைத்திருக்கிறது, அடி விழுந்தால் சொந்தப் பையிலிருந்து தாங்கும், அதனால் பணம் வரும் வழி காலியாக இல்லை. ஆசியான் முழுவதையும் அதே மாதிரி நினைக்க முடியாது. சிங்கப்பூரையும் மியான்மரையும் ஒரு பக்கத்தின் இரண்டு ஓரத்தில் எழுதிப் பாருங்கள், நடுக்கோட்டைத் தாண்டி எழுத எதுவும் கிடைக்காது. இன்றைய நிலையில் ஆசியானுக்கு ஒரே பணம் வேண்டாம் என்பதுதான் என் பதில். கியூஆரை இன்னும் பல நாட்டுக்கு விரிவாக்குங்கள், தொழிலாளி பெர்மிட்டை மனிதத்தன்மையோடு சீர் செய்யுங்கள், அதில் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நிம்மதி பெரிது.

என்னோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அதற்குத்தான் புத்தகம். பழகிப் பார்க்க முதல் பயிற்சியாக லெசோத்தோவையும் தென்னாப்பிரிக்காவையும் எடுத்துக்கொள்ளுங்கள். லெசோத்தோவைச் சுற்றி நாலு பக்கமும் தென்னாப்பிரிக்காதான், அதன் பணமான லோட்டி தென்னாப்பிரிக்காவின் ராண்டோடு ஒன்றுக்கு ஒன்று, கடையில் இரண்டு நோட்டும் செல்லும், தலைமுறை தலைமுறையாக ஆண்கள் எல்லை தாண்டித் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள், சுங்க வரியை இரண்டு நாடும் மற்ற அண்டை நாடுகளோடு சேர்ந்து பங்கு போட்டுக்கொள்கின்றன. காஸ்வேயில் நின்ற அனுபவம் உள்ளவருக்கு ஆள் போகும் பக்கம் தானாக நிரம்பிவிடும். சுரங்கத்தில் ஆள் குறைத்தபோது அந்த ஊர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை விலை விழும் பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த சனிக்கிழமை கடைக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.